ஒன்பது தட்டுகளும் ஓர் ஆவியும்

ஜூன் 3, 1931, புதன்

பேசும் படக் கருவி இன்று காலை ரயிலில் வந்து இறங்கியது. மாயவரம் ஜங்ஷனில் ஊரே கூடியிருந்தது. கொட்டகை முதலாளி ஆபத்சகாயம் பிள்ளை பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்று, இறங்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் சூடம் காட்டச் சொன்னார். கடைசிப் பெட்டிக்குச் சூடம் காட்டும்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

"ஏன்யா, அமெரிக்காக்காரன் படம் பேசுது சரி. இங்கிலீஷ்ல இல்ல பேசும்? நம்ம சனத்துக்கு என்ன வெளங்கும்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் வேலை பார்த்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் காசிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து குமாஸ்தா நடனசபாபதி வெறும் நடனசபாபதி ஆகிவிட்டேன். "இங்கிலீஷ் என்ன பெரிய இங்கிலீஷ்? பன்னிரண்டு வருஷம் அதோடதான் குடித்தனம் நடத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் தஸ்தாவேஜுகளை அச்சுப் போலப் பிரதி எடுத்தவன் நான். அதற்கெல்லாம் அர்த்தம் என்ன என்பது வக்கீலின் பொறுப்பு. வாசகம் எளிதாக இருந்தால் எனக்கே கூடப் புரியும்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரே கருவிதான் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சுருள் மாற்ற விளக்கைப் போடுவார்களாம். அந்த இடைவெளியில் நான் தகரக் குழலைப் பிடித்துக்கொண்டு, படத்தில் என்ன பேசினார்கள் என்று தமிழில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அகிலாண்டத்திடம் சொன்னேன். அவளை எனக்குக் கட்டிக்கொடுத்ததே இங்கிலீஷ் தெரிந்த மாப்பிள்ளை என்றுதான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "அவங்க வேகமா பேசுவாங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 6, சனி

வேகமாகத்தான் பேசுகிறார்கள். அதுவும் மூக்கால். காகிதத்தில் மரியாதையாக இடைவெளி விட்டு நிற்கும் வார்த்தைகள், இவர்கள் வாயில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. முதல் சுருளில் எனக்குப் பிடிபட்டது "எஸ்", "நோ", "குட்மார்னிங்". அந்தக் குட்மார்னிங்கிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, ஏனென்றால் திரையில் அப்போது நிலா காய்ந்துகொண்டிருந்தது.

விளக்குப் போட்டார்கள். நானூறு முகங்கள். முகபாவத்தைக் கொண்டே கதையைச் சொன்னேன். கப்பலில் வரும் கிழவர் கதாநாயகிப் பெண்ணின் தகப்பனார், காதலுக்குத் தடை செய்கிறார் என்று ஒரு போடு போட்டேன். கைதட்டினார்கள்.

ஜூன் 7, ஞாயிறு

கொட்டகையில் பெண்கள் பக்கம் மூங்கில் தட்டி கட்டி மறைத்திருக்கிறது. அகிலாண்டம் நேற்று அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இன்று இட்லி வைக்கும்போது சொல்கிறாள்: "அந்தக் கெழவன் அப்பன்னா சொன்னீங்க? பொண்ணு உள்ள வந்ததும் எந்த அப்பனாவது கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாருவானா?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஜனங்களுக்கு அதிர்ச்சியாக இருக்குமே என்று மாற்றிச் சொன்னேன். இன்றைய ஆட்டத்தில் கிழவரை மாப்பிள்ளை ஆக்கிவிட்டேன். நேற்றும் வந்திருந்த வெற்றிலைக் கடைக்காரர் மாசிலாமணி எழுந்து, "நேத்து அப்பாங்குறீங்க, இன்னிக்கு மாப்பிள்ளைங்கிறீங்க?" என்று கேட்டார். நேற்று தகவல் முழுமையாக வரவில்லை என்று பதில் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

அகிலாண்டம் இன்னும் மூன்று இடங்களைத் திருத்தினாள். அவற்றையும் நான் நினைத்திருந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

இன்று இரண்டாவது படம்.

இந்தப் படங்களில் படம் ஒரு பெட்டியிலும் பேச்சு இன்னொரு பெட்டியிலும் வருகின்றன. ஒன்பது சுருளுக்கு ஒன்பது இசைத்தட்டுகள். ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு இருக்கும். சுருள் ஓடத் தொடங்கும்போது தட்டில் முள்ளை வைக்க வேண்டும். ஆபரேட்டர் சவரிமுத்து முன்பு கிராமபோன் பழுதுபார்த்தவர். முள் வைப்பதில் கெட்டிக்காரர். தட்டில் ஒன்று என்று போட்டிருந்தால் ஒன்றாம் சுருளுக்கு வைப்பார். அதற்குமேல் அவர் தலையிடுவதில்லை.

படம் தொடங்கியது. பெரிய மாளிகை. கொடி போல ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். கூடத்தில் இருந்த வயதான அம்மாளைப் பார்த்து வாயைத் திறந்தாள். கட்டையான ஆண் குரல் வந்தது.

அவள் மறுபடியும் பேசினாள். மறுபடியும் அதே தடிக்குரல். பிறகு எல்லாரும் மேஜையில் உட்கார்ந்து சூப்புக் குடித்தார்கள். அப்போது டப் டப் என்று ஆறு தடவை துப்பாக்கி வெடித்தது. யாரும் சாகவில்லை. சூப்பும் சிந்தவில்லை.

விளக்குப் போட்டார்கள். நான் குழலை வாயருகே கொண்டுபோனேன். பேச்சு வரவில்லை. நானூறு பேரும் என்னையே பார்க்கிறார்கள். ஆபத்சகாயம் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து மீசையைத் தடவுகிறார். இத்தோடு நம் உத்தியோகம் முடிந்தது என்றே எண்ணினேன்.

அப்போது மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல, ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்: "ஐயோ பாவம், சுட்டுக் கொன்னுட்டாங்கள்ல, இவ புருசனை! அவன்தான் இவ உடம்புல பூந்துக்கிட்டுப் பேசுறான்."

"அடி ஆத்தீ!" என்று பெண்கள் பக்கமே அதிர்ந்தது.

நான் குழலை நிமிர்த்தினேன். "மகாஜனங்களே! இதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்று தொடங்கினேன். அதன் பிறகு என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. மருமகளின் உடம்பில் மாண்டுபோன கணவனின் ஆவி. சூப்புக் குடிக்கும்போது வெடித்தது அவனைச் சுட்ட துப்பாக்கியின் ஞாபகம். நாலாம் சுருளில் தொப்பிக்காரன் வாயைத் திறந்ததும் பெண் சிரிப்புச் சத்தம் வந்தது. ஆவி இவனையும் பிடித்துவிட்டது, ஆகவே கொலைகாரன் இவன்தான் என்றேன். கடைசியில் கல்லறைக்கு முன்னால் எல்லாரும் மண்டியிட்டபோது கூத்தும் கும்மாளமுமாக ஒரு பாட்டு வந்தது. ஆவி பழிதீர்த்துவிட்டது, கொண்டாடுகிறது!

ஆட்டம் முடிந்து போகும்போது ஒரு பெரியவர் என் காலைத் தொட்டார்.

ஜூன் 13, சனி

கொட்டகைக்கு வெளியே பாதிக் கூட்டம் நின்றது. வைத்தீஸ்வரன் கோவிலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம். சோபா வகுப்பில் ரயில்வே கார்டு டிக்ரூஸ் துரை உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர், இங்கிலீஷ்தான் அவருக்குத் தாய்மொழி. அந்தப் பெண் அழும் இடத்திலெல்லாம் அந்த மனிதர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறார். நேற்றும் வந்திருந்தார்.

ஜூன் 14, ஞாயிறு

டிக்ரூஸ் மூன்றாம் முறை வந்தார். ரயில்வே காலனி முழுவதையும் கூட்டிவந்திருந்தார். ஐந்தாம் சுருளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டாள்.

"துரைங்களே என்னமா ரசிக்கிறாங்க பாத்தியா!" என்றார் முதலாளி.

ஜூன் 15, திங்கள்

பட்டணத்துக் கம்பெனியிலிருந்து தந்தி. முதலாளி என்னிடம் நீட்டி, "இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சுச் சொல்லுய்யா" என்றார்.

காகிதத்தில் இருந்தால் எனக்கு இங்கிலீஷ் புரியும் என்பது இன்று நிரூபணம் ஆயிற்று. தட்டுப் பெட்டி மாறி அனுப்பப்பட்டுவிட்டது. உங்களிடம் இருப்பது வேறொரு கொள்ளைக்காரப் படத்தின் தட்டுகள். சரியான தட்டுகள் அனுப்பியுள்ளோம். வருந்துகிறோம்.

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று கொட்டகையில் சம்பளத்துக்கு இருப்பவன் நான் ஒருவன். தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவனும் நான் ஒருவன்தான்.

"என்னய்யா எழுதியிருக்கான்?"

"படம் நல்லா ஓடுறதுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்காங்க" என்றேன். வருத்தம் தெரிவிப்பதும் ஒருவகை மரியாதைதானே.

ஜூன் 16, செவ்வாய்

தட்டுப் பெட்டி வந்துவிட்டது. கொட்டகையில் வைக்கப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நெல் குதிருக்குப் பின்னால் வைத்தேன். அகிலாண்டம் பார்த்துவிட்டாள்.

"சரியான தட்டு வந்துடுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாளே தெரியுமே. அந்தப் பொண்ணு வாயை மூடுன பிறகும் பேச்சு ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆவியா இருந்தாலும் வாயைத் திறந்துதானே பேசணும்?"

"பின்னே ஏன் புருசன் ஆவின்னு சத்தம் போட்டே?"

"நீங்க குழலைப் பிடிச்சுக்கிட்டு மலைச்சுப்போய் நின்னீங்க. யாராவது எதையாவது சொல்லணும்ல?" என்றாள். பிறகு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள்.

நானும் கூட உட்கார்ந்து கொஞ்சம் கீரை உருவினேன்.

ஜூன் 17, புதன்

குடி கெட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சப் கலெக்டர் துரையும் துரைசானியும் வருகிறார்கள். முதலாளி நேரில் போய் அழைத்துவிட்டார். "அவங்க பாஷைப் படம், அவங்க வந்து பார்க்க வேணாமா?" என்கிறார்.

பழைய தட்டைப் போட்டால் துரை ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். புதிய தட்டைப் போட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும். மாசிலாமணி இதுவரை ஐந்து முறை பார்த்துவிட்டார். ஆவி எந்த இடத்தில் இருமும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். எப்படிப் பார்த்தாலும் இங்கிலீஷ் தெரியாத நடனசபாபதி என்று என் பெயர் நாறப்போகிறது. முதலாளி அன்றைக்கே என்னை அனுப்பிவிடுவார். மாமனார் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

ஜூன் 18, வியாழன்

வயிற்றுப்போக்கு.

ஜூன் 19, வெள்ளி

அகிலாண்டம் வழி சொன்னாள். ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, ஏதோ உப்புக் கேட்பது போலச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஆவி எறங்கிடுச்சுன்னு சொல்லிடுங்களேன். அந்தப் பொண்ணு சொந்தக் கொரல்ல பேசட்டும்."

நான் இதை நினைத்திருக்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

முதலாளியிடம் போய், படத்துக்கு இரண்டாவது பாகம் உண்டு, காட்சிகள் அவைதான், ஆனால் ஆவி நீங்கிய பிறகு நடப்பவை என்றேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தம்பட்டம் அடித்துக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. நோட்டீஸை நானே எழுதினேன்: "ஆவி இறங்கியது! மங்கை சொந்தக் குரலில் பேசுகிறாள்! ஞாயிறு மாலை ஆறு மணிக்கு."

ஜூன் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டகையில் ஊசி குத்த இடமில்லை. முதல் சுருள். பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வாயைத் திறந்தாள். கிளி மாதிரி ஒரு குரல்! "போயிடுச்சுடா! எறங்கிடுச்சு!" என்று பெஞ்சுக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். துரைசானி பயந்துபோய்த் துரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிக்ரூஸ் இரண்டு கைக்குட்டையோடு வந்திருந்தார்.

முதல் இடைவெளியிலும் இரண்டாவதிலும் நான் ஜாக்கிரதையாகப் பேசினேன். பெண் குணமாகிவிட்டாள், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் சுருளில் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். வயதான அம்மாள் கதவருகே நின்று ரொம்ப நேரம் பேசுகிறாள். துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்குப் போட்டார்கள்.

சப் கலெக்டர் துரை எழுந்தார். சின்ன வயசு, சிவந்த மூஞ்சி. தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறவராம். கையில் குறிப்புப் புத்தகம். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா, அம்மூதாட்டி இயம்பியது யாது? அதனைச் செந்தமிழில் செவிமடுக்க விழைகிறேன்" என்றார்.

அவர் பேசிய தமிழே எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் என்னை மடக்கப் பார்க்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் புளுக வரவில்லை. மூட்டை மூட்டையாகப் புளுகினவன்தான். ஆனாலும் வரவில்லை.

குழலைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க. எழுதினதைப் படிப்பேன். பேசினா ஒரு எழுத்துக்கூடக் காதுல ஏறாது. ஆவி கீவி ஒண்ணும் கிடையாது. தட்டு மாறி வந்துச்சு, அவ்வளவுதான். தந்தி வந்ததையும் நான்தான் மறைச்சேன். இத்தனை நாள் நீங்க கேட்ட கதையும் என்னோடது இல்ல. என் சம்சாரம் சொன்னது. அந்தம்மா என்ன பேசினாங்கன்னு அவளுக்குத் தெரியும். அவளைக் கேளுங்க."

முதலாளியின் மீசை துடித்தது. அவளையும் சேர்த்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று மூங்கில் தட்டியையே பார்த்தேன்.

பிறகு அவள் குரல், கொஞ்சம் நடுக்கத்தோடு வந்தது. "போறதுன்னா போம்மா, நான் தடுக்கலங்கிறாங்க. ஆனா திரும்பி வர்றப்ப கதவைத் தட்டிக்கிட்டு நிக்காத, நான் இனிமே தாழ்ப்பாளே போடமாட்டேங்கிறாங்க. பேசிக்கிட்டே அந்தத் தாழ்ப்பாளைத்தான் தடவிக்கிட்டு இருந்தாங்க."

துரை துரைசானியைப் பார்த்தார். துரைசானி அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் இங்கிலீஷில் சொன்னார். அவள் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொற்கள் வேறு, பொருள் அதுவே, அதுவே!" என்று துரை கத்தினார். டிக்ரூஸும் எழுந்து, "கரெக்ட்! அந்தம்மா சொல்றதுதான் கரெக்ட்!" என்றார்.

அப்புறம் மாசிலாமணி எழுந்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப நாளைக்கு எந்தத் தட்டுய்யா போடுவீங்க?" என்றார். "எங்க அக்கா குத்தாலத்துலேருந்து வருது. அதுக்கு ஆவியோடதான் வேணும்."

ஜூன் 22, திங்கள்

காலையில் முதலாளி கூப்பிட்டுவிட்டார். இரண்டு ஆட்டம் நடக்குமாம். மாட்டினி ஆவியோடு, மாலை ஆட்டம் ஆவியில்லாமல். பழைய தட்டுகளைத் திருப்பி அனுப்ப இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "காயிதத்துல உமக்கு நல்லா வருதுல்ல? இனிமே அதையும் நோட்டீஸையும் மட்டும் பாரும். கொழலை உம்ம வீட்டம்மாகிட்ட குடுத்துடும்."

டிக்ரூஸைப் பார்த்து, உண்மையை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நிறுத்திடுவீங்களே, மிஸ்டர் நடனம்!" என்றார். அவர் சம்சாரம் காலமான பிறகு இந்த ஒரு வாரம்தான் வாய்விட்டுச் சிரித்தாராம்.

அகிலாண்டம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் சம்மதித்தாள். மேடையேற மாட்டாளாம், தட்டிக்குப் பின்னால் இருந்தபடியே சொல்வாளாம். குழல் வேண்டாமாம். மூன்று வயல் தள்ளி நிற்கும் என் மாமனாரைச் சாப்பிடக் கூப்பிட்டு வளர்ந்த குரலாம்.

ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். வலிக்கிறது, ஆனால் மூன்று வாரத்தில் நேற்றுத்தான் சோறு ருசித்தது.

ஜூன் 27, சனி

மூன்றாவது படம். தட்டுகளைப் பெட்டியில் வந்த சீட்டோடு நானே ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தன.

வேலை ஒன்றும் இல்லாததால் டிக்ரூஸ் தம் பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொண்டார். அடுத்து என்ன சொல்வது என்ற கவலை இல்லாமல் ஒரு படம் பார்ப்பது இதுதான் எனக்கு முதல் தடவை. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் நானூறு தலைகளோடு என் தலையும் மூங்கில் தட்டிப் பக்கம் திரும்பியது.

நாலாம் சுருளில் ஒரு பண்ணை வீடு. ஜன்னலோரம் கணவனும் மனைவியும். அவன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போகிறான். அவள் தலை நிமிராமல் துணி தைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. விளக்குப் போட்டார்கள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து அகிலாண்டம் சொன்னாள்:

"இந்த மனுசர் ரொம்ப நாளா ஒரு பொய்யைச் சொமந்துக்கிட்டு இருந்தாரு. அது பொய்யின்னு அவளுக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். சொன்னா மனசு ஒடைஞ்சுடுவாரேன்னு பேசாம இருந்தா. இப்ப நாலு பேரு முன்னாடி அவரே வாயால சொல்லிட்டாரு. அதுல அவளுக்கு எவ்வளவு பெருமைன்னு அந்த மனுசருக்குத் தெரியல. நிமிர்ந்து பார்த்தா அழுதுடுவோமேன்னுதான் அவ தைச்சுக்கிட்டே இருக்கா."

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாசிலாமணி துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிக்ரூஸிடம் குனிந்து, "சரியாத்தான் சொன்னாளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, மிஸ்டர் நடனம். அவங்க ரெண்டு பேரும் குதிரை வாங்கறதைப் பத்திப் பேசினாங்க. வெள்ளைக் குதிரையா, கறுப்புக் குதிரையான்னு."

விளக்கை அணைத்தார்கள். ஐந்தாம் சுருளில் குதிரை வந்தது. நான் அழுதுகொண்டிருந்ததால் அது என்ன நிறம் என்று தெரியவில்லை.